கடற்கரை ஸ்கேட்டிங் தளத்தில் வேடிக்கை பார்க்க என்ன இருக்கிறது?

கேள்வி, 6 ஜூலை 2025

அடுத்த ஞாயிறு மாலை குடும்பத்தோடு பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போகிறோம். அங்கே ஸ்கேட் பார்க் இருக்கிறதாம். எங்களில் யாரும் ஓட்டப்போவதில்லை, பார்க்க மட்டும்தான். குழந்தைகள் சுற்றிச் சுற்றி ஓடுவதைப் பார்ப்பதில் என்ன இருக்கிறது என்கிறார் என் கணவர். எத்தனை மணிக்குப் போகலாம், எங்கே உட்காரலாம்?

பதில், 6 ஜூலை, இரவு 9.40

உங்கள் கணவர் சொல்வது பாதி சரி. முதல் பத்து நிமிடம் சுற்றிச் சுற்றி ஓடுவது மட்டும்தான் தெரியும். நானும் ஆறு மாதம் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நடந்து முடித்துக் கால் ஆற உட்காரும் இடம், அவ்வளவுதான்.

ஐந்தரைக்குப் போங்கள். அதற்கு முன் தரை சுடும், பிள்ளைகளும் வரமாட்டார்கள். மாலை வெயில் ஊர்ப்பக்கமிருந்து வரும் என்பதால் சாலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் கண் கூசாது. காலையில் போனால் இதற்கு நேர்மாறு. சுண்டலைத் தளத்துக்கு வெளியே தின்று முடித்துவிட்டு வாருங்கள். ஒரு பட்டாணி போதும், ஒரு பிள்ளையைக் குப்புறத் தள்ள.

6 ஜூலை, இரவு 10.15

ஒன்றை விட்டுவிட்டேன். அவர்கள் ஓடும் திசையைக் கவனியுங்கள். கோயிலில் நாம் சுற்றுவதற்கு எதிர்த்திசை, முழுக்க அப்பிரதட்சிணம். உலகம் முழுக்கப் பெரும்பாலும் அப்படித்தான். ஆகவே வளைவு எப்போதும் இடப்பக்கம் வரும். அங்கே வலக்காலைத் தூக்கி இடக்காலுக்கு மேலாகக் குறுக்கே எடுத்துவைக்கும் பிள்ளை, தேறிவிட்ட பிள்ளை. இரண்டு காலையும் ஒட்டிவைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்தபடி வளைவைக் கடப்பது புதிது. நேர்பாதையில் எல்லாரும் ஒன்றுபோலத்தான் தெரிவார்கள். வளைவுக்கு எதிரே உட்காருங்கள்.

8 ஜூலை

திருத்தம். திருவான்மியூர்க்காரர் ஒருவர் தனிச்செய்தி அனுப்பித் திட்டியிருக்கிறார். பெசன்ட் நகரில் இருப்பது ஸ்கேட் பார்க் அல்ல, ஸ்கேட்டிங் தளம். இரண்டும் வேறு என்கிறார். சரிதான். காலில் கட்டும் சக்கரத்துக்கு வழுவழுப்பான சமதளம் போதும். ஸ்கேட்போர்டு என்னும் பலகைக்காரர்களுக்குச் சமதளம் சலித்துவிடும். குழி, சரிவு, படிக்கட்டு, கைப்பிடிக் கம்பி எல்லாம் வேண்டும். அவை இருந்தால்தான் ஸ்கேட் பார்க். கேட்டவர் அந்தச் சொல்லைப் போட்டார், நானும் அப்படியே பிடித்துக்கொண்டேன். இங்கே பலகையோடு வரும் பையன்கள் ஓரத்து நடைபாதையில்தான் பழகுகிறார்கள்.

உண்மையான ஸ்கேட் பார்க் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். மகளின் பேறுகாலத்துக்காக 2016-இல் லாஸ் ஏஞ்சலிஸ் போயிருந்தபோது மாப்பிள்ளை வெனிஸ் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். மணலுக்கு நடுவிலேயே சிமென்ட் குழிகள். 2009-இல் திறந்தது. சுற்றிலும் கம்பித் தடுப்பு. அதில் கையூன்றி எத்தனை நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம், காசு கிடையாது. குழியின் விளிம்பில் ஒருவன் பலகையை அந்தரத்தில் நீட்டிவைத்து, வால்பக்கத்தை ஒரு காலால் மிதித்து நின்றான். அடுத்த காலை முன்னால் வைத்து அழுத்தினான், ஆளைக் காணோம். கிணற்றில் விழுந்தவனைப் பார்ப்பதுபோல் எட்டிப் பார்த்தேன். அதற்குள் எதிர்க்கரையில் ஏறியிருந்தான்.

ஏன் குழி என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன். எழுபதுகளின் நடுவில் கலிஃபோர்னியாவில் மழை பொய்த்து, வீட்டு நீச்சல்குளங்கள் வறண்டு கிடந்திருக்கின்றன. அந்தப் பக்கத்துப் பையன்கள் வேலியேறிக் குதித்து, வட்டமான குளத்துச் சுவரில் பலகை ஓட்டியிருக்கிறார்கள். அந்த வளைவைத்தான் பிறகு பார்க்குகளில் சிமென்டில் வார்த்தார்கள். நம் ஊரில் ஏரி வற்றினால் கிரிக்கெட். அவர்களுக்குக் குளம் வற்றினால் இது.

13 ஜூலை

கேள்வி கேட்ட அம்மா இன்றுதான் வருவதாகச் சொன்னார். நான் ஐந்தரை முதல் ஏழரை வரை இருந்தேன். ஏதேதோ குடும்பங்கள் வந்தன, போயின. யார் அவர் என்று எனக்கு எப்படித் தெரியும்?

இன்று கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். சிரிக்க வேண்டாம். பாரிமுனைப் பக்கம் பேரிங் கடையில், அதாவது சக்கரம் இறுகாமல் சுழல நடுவில் வைக்கும் குண்டு வளையம் விற்கும் கடையில், முப்பத்தொரு வருடம் நின்றவன் நான். எனக்குக் காதுதான் முதல் கண். யூரித்தேன் என்னும் பிளாஸ்டிக் சக்கரம் நல்ல தரையில் ஓடினால் பட்டுப்புடவை உரசும் சத்தம் வரும். அதற்கு நடுவில் ஒரு காலிலிருந்து மட்டும் கிரீச் கிரீச் என்றது. நான்காவது சுற்றில் யார் என்று பிடித்துவிட்டேன். மஞ்சள் தலைக்கவசம், எட்டு வயதுப் பெண், வலக்கால், பின்சக்கரம். கடல் உப்பு உள்ளே போய்த் துருவேறிய பேரிங். அவளுக்கு வேகம் வராததற்குப் பயிற்சியாளர் அவளைத்தான் அதட்டிக்கொண்டிருந்தார்.

எங்கள் காலத்தில் தெருவுக்கு ஒரு பேரிங் வண்டி இருக்கும். பட்டறையில் கழித்துப்போட்ட பேரிங் மூன்று, ஒரு பலகை, முன்னால் திருப்புவதற்கு ஒரு குறுக்குக்கட்டை, அதன் நடுவில் ஒரு போல்ட். ஒருவன் உட்கார, இன்னொருவன் முதுகில் கைவைத்துத் தள்ளுவான். நான் எப்போதும் தள்ளுகிறவன், ஏனென்றால் பலகை எங்கள் வீட்டுடையது அல்ல. இரும்பு வளையம் நேராகச் சிமென்டைக் கடித்து ஓடும்போது எழும் இரைச்சலில் மதியம் தூங்குகிறவர்கள் எழுந்து வந்து அடிப்பார்கள். ஆரம்பகால ஸ்கேட்போர்டுகளுக்கும் இரும்பிலோ களிமண் கலவையிலோ செய்த சக்கரம்தான். சின்னக் கல் தட்டினாலும் பலகை நின்றுவிடும், ஆள் மட்டும் தொடர்ந்து போவான். எழுபதுகளின் தொடக்கத்தில் ஃபிராங்க் நாஸ்வொர்த்தி என்பவர் யூரித்தேன் சக்கரத்தைப் பலகைக்குக் கொண்டுவந்த பிறகுதான் இது உருப்பட்டது. ஆனாலும் எங்கள் வண்டியின் சத்தம் இதில் இல்லை. ஒரு குறைதான்.

14 ஜூலை

எட்டுச் சக்கரத்துக்கு எட்டு பேரிங்தானே என்று ஒருவர் கேட்கிறார். இல்லை. சக்கரத்துக்கு இரண்டு, பக்கத்துக்கு ஒன்று. காலுக்கு நான்கு சக்கரமென்றால் இரண்டு காலுக்கும் சேர்த்துப் பதினாறு. பலகைக்கு நான்கே சக்கரம், எட்டு பேரிங். இரண்டிலும் பெரும்பாலும் ஒரே அளவுதான்: 608. உள்துளை 8 மில்லிமீட்டர், வெளிவட்டம் 22, கனம் 7. கடையில் கண்ணைக் கட்டிவிட்டாலும் விரலால் தடவி எடுத்துக்கொடுப்பேன்.

20 ஜூலை

மஞ்சள் தலைக்கவசத்தின் அப்பாவிடம் பேசிவிட்டேன். முதலில் சந்தேகமாகப் பார்த்தார். 608 என்றதும் ஷூவைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டார். வீட்டுக்குக் கொண்டுவந்து பதினாறையும் பிரித்து மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவினேன். கிண்ணத்தின் அடியில் படிந்ததைப் பார்த்திருக்க வேண்டும்: அரைத் தேக்கரண்டி கடற்கரை. துடைத்து, காயவைத்து, நல்ல கிரீஸ் வைத்து மூடிக் கொடுத்தேன். சமையலறைக் கிண்ணத்தை எடுத்ததற்கு வீட்டில் நடந்தது இங்கே வேண்டாம்.

27 ஜூலை

கிரீஸ் வைத்தது தப்பாகிவிட்டது. கிரீச்சென்ற சத்தம் போயிற்று, கூடவே வேகமும் போயிற்று. சக்கரத்தை விரலால் சுண்டினால் மூன்று சுற்றில் நிற்கிறது. "தாத்தா, முன்பே நன்றாக இருந்தது" என்றாள் அந்தப் பெண். முப்பத்தொரு வருட அனுபவத்துக்கு எட்டு வயது கொடுத்த சான்றிதழ்.

என் தொழிலில் மோட்டார் ஓட்டும். பேரிங்குக்குக் கிரீஸ்தான் சாப்பாடு. இங்கே ஓட்டுவது ஒரு குழந்தையின் தொடை. அவர்கள் இரண்டு சொட்டு மெல்லிய எண்ணெய்தான் விடுவார்களாம். கிரீஸ் இருந்தால் உப்பும் மணலும் உள்ளே போவது குறையும் என்பதை நான் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் ஓடாத சக்கரத்தைப் பாதுகாத்து என்ன செய்வது? மறுபடி கழுவி எண்ணெய் விட்டுக் கொடுத்தேன், இந்த முறை பழைய பெயின்ட் டப்பாவில்.

வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்டியில் ஏபெக் 7, ஏபெக் 9 என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்துக் காசைக் கொட்டாதீர்கள். அது அளவு எவ்வளவு நுணுக்கமாகக் கடையப்பட்டது என்பதைச் சொல்லும் எண். குதித்து இறங்கும்போது பக்கவாட்டில் விழும் அடியை எப்படித் தாங்கும், மணலை எப்படித் தாங்கும் என்றெல்லாம் அது சொல்லாது. கடற்கரைக்கு நான் பார்ப்பது மூடியைத்தான். 608-க்குப் பின்னால் இசட் இசட் என்றிருந்தால் தகரமூடி, 2ஆர்எஸ் என்றிருந்தால் ரப்பர்மூடி. ரப்பர் கொஞ்சம் இழுக்கும். இழுக்கட்டும்.

2 ஆகஸ்ட்

நேற்று முழங்காலுக்குக் கீழே ஒரு பலகை வந்து மோதிவிட்டது. தப்பு என்னுடையது: நடைபாதை விளிம்பில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பையன் விழும்போது பலகை அவன் ஓடிய திசையிலேயே போகும் என்பதில்லை; காலடியிலிருந்து பிதுங்கி எந்தப் பக்கமும் பாயும். வேடிக்கை பார்ப்பவர்கள் காலை மடக்கி உட்காருங்கள். உருண்டு வரும் பலகையைப் பாதத்தால் மிதித்து நிறுத்தினால் போதும். பந்தைப் போல உதைத்துத் திருப்பி அனுப்பக் கூடாது, நானே அனுப்பி நானே வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

10 ஆகஸ்ட்

பலகையோடு வருகிறவர்களில் ஊரூர் குப்பத்துப் பையன் ஒருவன், பதின்மூன்று பதினான்கு வயதிருக்கும். இரண்டு வாரமாக அவனும் கூட்டாளியும் "ஒல்லி வரவில்லை, ஒல்லி வரவில்லை" என்று பேசிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு நண்பனுக்காகக் காத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். இன்று பொறுக்க முடியாமல், யாரப்பா அந்த ஒல்லி, தினமும் ஏமாற்றுகிறானே என்று கேட்டுவிட்டேன். கூட்டாளி தரையில் உட்கார்ந்து சிரித்தான்.

ஒல்லி என்பது வித்தையின் பெயர். 1970-களின் கடைசியில் அமெரிக்காவில் ஃபுளோரிடாவைச் சேர்ந்த ஆலன் கெல்ஃபாண்ட் என்ற பையன், குழிச்சுவரில் கையால் பிடிக்காமலே பலகையோடு எழும்பிக் காட்டினான். ஒல்லி அவனுடைய பட்டப்பெயர். அதைச் சமதரையில் செய்யக் கண்டுபிடித்தவர் ராட்னி முல்லன், எண்பதுகளின் தொடக்கத்தில். மற்ற தெரு வித்தைகளில் பெரும்பாலானவை இதன்மேல் கட்டியவைதாம்.

எப்படி எழும்புகிறது என்பதை அந்தப் பையன் எனக்காக மெதுவாகச் செய்து காட்டினான், செய்யாமலும் காட்டினான் என்றுதான் சொல்ல வேண்டும். பின்காலால் வாலை டப்பென்று தரையில் அடிக்க வேண்டும். பலகையின் முன்முனை, அதாவது மூக்கு, மேலே எழும். அதே கணத்தில் முன்கால் ஷூவின் பக்கவாட்டைப் பலகைமேல் தேய்த்துக்கொண்டே முன்னால் இழுக்க வேண்டும். பின்பக்கமும் தூக்கிச் சமமாகும். தேய்ப்பு பிடிப்பதற்காகப் பலகை முழுக்க உப்புத்தாள் போன்ற ஒன்றை ஒட்டியிருக்கிறார்கள். அவனுடைய இடது ஷூவில் சுண்டுவிரல் பக்கம் கான்வாஸ் தேய்ந்து, உள்ளே காலுறை, காலுறையும் தேய்ந்து, தோல் தெரிந்தது. தைத்து, அதன்மேல் பசை தடவி, அதுவும் தேய்ந்திருந்தது. இரண்டு வாரம் "ஒல்லி வரவில்லை" என்றதன் கணக்கு அந்த ஓட்டையில் இருக்கிறது.

11 ஆகஸ்ட்

கேள்வி கேட்ட அம்மாவின் கணவருக்காக: ஒலிம்பிக்கிலும் ஸ்கேட்போர்டு இருக்கிறது. 2021-இல் டோக்கியோவில்தான் முதல்முறை. பெண்கள் தெருப் பிரிவில் தங்கம் வாங்கிய மோமிஜி நிஷியாவுக்கு வயது 13, வெள்ளி வாங்கிய ரேய்ஸா லீலுக்கும் 13. பார்க் பிரிவில் ஒரு ஓட்டம் 45 நொடிதான். டிவியில் நாம் பார்ப்பது அந்த 45 நொடி. மிச்சத்தைப் பார்க்கத்தான் பெசன்ட் நகர்.

மாமல்லபுரத்தை விட்டுவிட்டேன் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். விட்டது தப்புதான். 2020-இல் பாஃப்டா என்னும் பிரிட்டிஷ் திரைப்பட விருதின் பிரிட்டிஷ் குறும்படப் பிரிவில் போட்டியிட்ட ஐந்தில் இரண்டு ஸ்கேட்போர்டு ஓட்டும் சிறுமிகளைப் பற்றியவை. ஒன்று காபூல், இன்னொன்று நம் மாமல்லபுரத்து மீனவக் குடும்பம். விருது காபூலுக்குப் போயிற்று.

17 ஆகஸ்ட்

ஒரு தப்பு செய்துவிட்டேன், எழுதிவைக்கிறேன். அந்தப் பையன் எத்தனை முறை முயல்கிறான் என்று போன வாரத்திலிருந்து எண்ணிக்கொண்டிருந்தேன். சரக்குக் கணக்கு எடுத்த கை, சும்மா இருக்காது. இன்று 62 ஆனதும் அவன் என்னிடம் வந்து, தாத்தா எண்ணாதீர்கள் என்றான். நான் வாய்விட்டு எண்ணியிருக்கிறேன்! மெதுவாகத்தான் சொன்னேன் என்று வாதாடிப் பார்த்தேன். உதடு அசைவது தெரிகிறது என்றான்.

பக்கத்தில் ஒரு பெரியவர் இதைக் கேட்டுவிட்டு, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மரியாதை இல்லை என்று ஆரம்பித்தார். மரியாதையாகத்தான் சொன்னான். நாடகக் கொட்டகையில் கடைசி வரிசையில் உட்கார்ந்து வசனத்தை முன்கூட்டிச் சொல்பவனை என்ன செய்வோம்? அதைத்தான் நான் செய்திருக்கிறேன்.

பின்குறிப்பு: செல்பேசியில் படமெடுப்பதும் இதே கதைதான். ஜூனில் சின்னப் பிள்ளைகள் விழுவதை வீடியோ எடுத்தேன். ஓர் அம்மா எழுந்து வந்து, அழிக்கச் சொல்லி, அழிக்கும் வரை நின்றார். அன்றைக்குக் கோபம் வந்தது. இப்போது இல்லை. ஊரார் பிள்ளை முகம் சிராய்ந்து அழுவதை நான் எதற்காகச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும்?

28 ஆகஸ்ட்

நாளை அந்தப் பக்கம் போக நினைக்காதீர்கள். பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயில் கொடியேற்றம். செப்டம்பர் 8 வரை காவி உடுத்தி நடந்து வருகிறவர்களின் கூட்டம் இருக்கும். நான் அந்த நாட்களில் ஸ்கேட்டிங்கை மறந்து கூட்டத்தை வேடிக்கை பார்ப்பேன், அது தனி இழை.

17 செப்டம்பர்

செய்தி படித்தீர்களா? சீனாவில் நடக்கும் உலக வேக ஸ்கேட்டிங் சாம்பியன்ஷிப்பில் நம் சென்னைப் பையன் ஆனந்த்குமார் வேல்குமார் 1000 மீட்டரில் தங்கம். 1 நிமிடம் 24.924 நொடி. சீனியர் பிரிவில் இந்தியாவுக்கு இதுதான் முதல் தங்கம். 2023-இல் ஹாங்சோ ஆசியப் போட்டியில் 3000 மீட்டர் தொடரோட்டத்தில் வெண்கலம் வாங்கிய அணியிலும் இவர் இருந்தார். அதே நாளில் வெண்கலம் வாங்கிய பெண்கள் அணியில் நம் ஆரத்தி கஸ்தூரி ராஜும் கார்த்திகா ஜெகதீஸ்வரனும்.

சிரிப்பு என்னவென்றால், திருவான்மியூர்க்காரர் ஜூலையில் என்னிடம் சமதளம் என்று ஏளனமாக எழுதினாரே, இது அந்தச் சமதளத்து விளையாட்டு. குழி இல்லை, அந்தரத்தில் பறப்பது இல்லை. சுற்றிச் சுற்றி ஓடுவதுதான். அப்பிரதட்சிணம்.

21 செப்டம்பர்

அவர் ஏளனம் செய்யவில்லை, பலகைக்காரர்களுக்குச் சலிக்கும் என்று எழுதியது நான்தான் என்று மேலே போய்ப் படிக்கச் சொல்கிறார். படித்தேன். நான்தான்.

அந்த மஞ்சள் தலைக்கவசப் பெண் இன்று வளைவில் வலக்காலைக் குறுக்கே எடுத்துவைத்தாள். ஒரே ஒரு முறை. அடுத்த வளைவில் மறுபடி இரண்டு காலும் ஒட்டிக்கொண்டன. பார்த்துக்கொண்டிருந்த அப்பா அந்த ஒரு நொடியில் செல்பேசியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்லவில்லை. அவள் சொல்வாள்.

4 அக்டோபர்

கேள்வி கேட்ட அம்மா மூன்று மாதம் கழித்து எழுதியிருக்கிறார்: "ஜூலையிலேயே வந்தோம் ஐயா. பத்து நிமிடம் பார்த்தோம். குழந்தை சோளம் கேட்டான், போய்விட்டோம். நீங்கள் சொன்ன அளவுக்கு ஒன்றும் இல்லை."

பத்து நிமிடம்! முதல் பத்து நிமிடத்தில் ஒன்றும் தெரியாது என்பதுதானே நான் எழுதிய முதல் வரி? அம்மா, கோபித்துக்கொள்ளாதீர்கள். அடுத்த முறை ஒரே ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். யாரென்று குழந்தையையே கைகாட்டச் சொல்லுங்கள். சோளத்தை முதலில் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். அந்த ஒரு பிள்ளை எங்கே தயங்குகிறது, எதற்கு முன்னால் கையை விரிக்கிறது, விழுந்தால் முதலில் யாரைத் திரும்பிப் பார்க்கிறது என்று மட்டும் பாருங்கள். மற்ற நாற்பது பேரும் சுற்றட்டும்.

ஒல்லி வந்ததா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். தெரியாது. அந்தப் பையன் இரண்டு வாரமாக வரவில்லை. காலாண்டுத் தேர்வு, விடுமுறைக்கு ஊர் என்று கூட்டாளி சொன்னான்.

5 அக்டோபர்

மழை தொடங்கினால் தளத்தில் நீர் தேங்கும். அதற்குமுன் ஒருமுறை பேரிங்கைக் கழற்றித் துடைத்து எண்ணெய் விட்டுவைத்தால் தை மாதம் புதிதாக வாங்க வேண்டியிருக்காது. 608-2ஆர்எஸ் இருபது வாங்கி வைத்திருக்கிறேன். பழைய கடையில் எனக்கு இன்னும் கொள்முதல் விலைதான், அதே விலைக்குத் தருவேன். சனிக்கிழமை ஐந்தரைக்கு, சாலைப் பக்கத்துச் சுவர், பெயின்ட் டப்பாவோடு உட்கார்ந்திருப்பவன் நான். அதில் எட்டு ஒருவனுக்காக எடுத்துவைத்தது, அதைக் கேட்காதீர்கள்.